பேட்டரி அறையில் எரியும் பல்பு

யார்டுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்துவிடுகிறீர்கள். பேட்டரி அறைக்குள் போகிறீர்கள். ஜன்னலோரம் ஒரு செடித் தொட்டி இருக்கிறது, அதற்கு மேலே பட்டப்பகலில் ஒரு பல்பு எரிகிறது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அணைத்துவிட்டு வருகிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொடுப்பதே எரிகிறதை அணைக்கத்தான். அப்புறம் யாராவது ஓடிவந்து, "ஐயோ, அதைத் தொடாதே, பெரியம்மா திட்டுவாங்க" என்று சொல்வார்களாம். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள் என்று கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அந்த பல்பு ஏன் எரிகிறது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். நேரில் சொல்லத் தொடங்கினால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்பதால் கேட்டிருப்பீர்கள். பரவாயில்லை, எழுதினாலும் நிறுத்த மாட்டேன்.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். என் வீட்டுக்காரருக்கு நியூ ஜெர்சியில், எடிசன் ஊரில் வேலை. பொள்ளாச்சியிலிருந்து வந்து, நாள் முழுக்க அபார்ட்மென்ட் ஜன்னலில் கார்களை எண்ணிக்கொண்டிருந்தவள் நான். காரில் அரை மணி தூரத்தில், குளிர்காலத்துக்கு வண்டிகளை விட்டுவைக்கிற ஒரு ஸ்டோரேஜ் யார்டு இருக்கிறது, போன் எடுக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தது. போனேன். கேம்பர் டிரெய்லர் என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு என்று முதலாளி சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டில், அடுப்பு, கழிப்பறை, திரைச்சீலை எல்லாம் இருந்தது. "இதுக்கு வாடகை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். அது அவர்கள் ஊரில் பிரியமான பேச்சு என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் உள்ளுக்குள் கடுகடுவென்றுதான் இருந்தேன். போன் எடுக்கப் போனவள் மெல்ல மெல்ல ரிப்பேர் கொட்டகைக்குப் போய், ஸ்பானரைக் கையில் எடுத்து, கடைசியில் குளிர்கால வேலை முழுவதையும் பார்த்துக்கொள்கிறவளானேன். எப்படி ஆனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த யார்டில் எல்லாமே அப்படித்தான், பனி விழுகிற மாதிரி, சத்தமில்லாமல் ஆகிவிடும்.

நீங்கள் குளிர்கால யார்டைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துப் பழகியவர்கள். தயவுசெய்து ஜனவரியில் ஒரு நாள் மதியம் வெளியே போய், வரிசைகளுக்கு நடுவில் சும்மா நில்லுங்கள். ஒரு வேலையும் வேண்டாம். டிரெய்லர்கள் எல்லாம் பனியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். எது எவருடையது என்று தெரியாது. கதவைத் திறந்தால் உள்ளே, போன வருஷத்துக் கோடை அப்படியே இருக்கும். மிதியடியில் கடற்கரை மணல், சிங்க்கில் ஒரு குழந்தையின் மஞ்சள் வாளி, சீட்டுக்கட்டிலிருந்து தப்பித்து மூலையில் கிடக்கிற ஒரு ராணி. சன்ஸ்கிரீன் வாசனைகூட இருக்கும். வெளியே காது விறைக்கும், உள்ளே ஜூலை மாதம் தூங்கிக்கொண்டிருக்கும். நான் பல நாள் ஒரு டிரெய்லரின் சோபாவில் உட்கார்ந்து, வந்த வேலையை மறந்து, ஜன்னல் கண்ணாடியில் பனி ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு கனவு கண்டவள் என்று நீங்கள் சொன்னாலும் கவலையில்லை.

அந்தத் தூக்கத்துக்குள்ளும் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டேயிருக்கும். ரேடியோவுக்குள் இருக்கிற கடிகாரம், கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டியின் பச்சைப் பொட்டு, அலமாரிக்குள் மறந்துபோன விளக்கு என்று ஏதாவது இருக்கும். பேட்டரி வற்றும். வற்றின பேட்டரி குளிரில் உறையும், உறைந்தால் வெடிக்கும். நிறைந்த பேட்டரி எந்தக் குளிரையும் தாங்கும், வற்றினது தாங்காது. நம் தொழிலின் குளிர்காலப் பாடம் மொத்தமும் இவ்வளவுதான். கேபிளை எப்போது கழற்றுவது, சார்ஜரை எப்படி மாட்டுவது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாததைச் சொல்கிறேன்.

ஒரு அமெரிக்கப் பாட்டியம்மா. அந்தக் கோடையில்தான் அவர் கணவர் இறந்துபோயிருந்தார். டிரெய்லரை விற்க மனசில்லாமல் எங்களிடம் விட்டுவைத்திருந்தார். அதில் பேட்டரி நிற்கவே இல்லை. நாங்கள் ஏற்றி வைப்போம், அவர் வந்து கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டுப் போவார், மறுபடி வற்றியிருக்கும். ஒரு நாள் ஆபீசில் வந்து மெதுவாகச் சொன்னார். "அவர் போய்விட்டார். அதனால் இதுவும் போகப் பார்க்கிறது. விட்டுவிடுங்கள்." அவர் கையைப் பிடித்து, "அப்படியெல்லாம் இல்லை, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "பிள்ளை, கொஞ்சம் பொறும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிரெய்லருக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவர் எந்த மீட்டரையும் எடுக்கவில்லை. உள்ளே ஒவ்வொரு கதவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். துணி அலமாரியில் நின்றார். கணவரின் மழைக்கோட்டு மாட்டியிருந்தது. அதன் கை கதவிடுக்கில் நசுங்கி, கதவு முழுதாய் மூடவில்லை. உள்ளே, கோட்டுக்குப் பின்னால், கதவு முழுதாய் மூடினால்தான் அணைகிற ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. பாட்டியம்மா ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அலமாரியைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

அதை அவரிடம் சொன்னோம். கோட்டின் கை, கதவு, விளக்கு என்று உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவர் சிரிக்கத் தொடங்கினார். "அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோதும் ஒரு கதவை ஒழுங்காகச் சாத்தினதில்லை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அழுதார். போகும்போது கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

"ஆறுதல் சொல்லுறது எங்கட வேலை இல்லைப் பிள்ளை," என்றார் முதலாளி. "பேட்டரி ஏன் செத்ததெண்டு சரியாச் சொன்னாக் காணும். மிச்சத்தை அவையள் பாத்துக்கொள்ளுவினம்."

காணும் என்றால் அவர்கள் ஊரில் போதும் என்று அர்த்தம். எனக்கு அது அப்போது கொஞ்சம் கல்நெஞ்சுப் பேச்சாகத்தான் பட்டது. ஒரு பெண் அழும்போது கதவிடுக்கைப் பற்றிப் பேசுகிறாரே என்றுதான் நினைத்தேன்.

இப்போது தொட்டிக்கு வருகிறேன். இரண்டாயிரத்தொன்று பிறந்த குளிர்காலம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆட்களை வரிசையாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எடிசனில் இட்லிக் கடையில் இரண்டு பேர் பேசினாலும் லே ஆஃப் பேச்சுத்தான். எங்கள் யார்டில் கோமதி, செந்தில் என்று ஒரு இளம் தம்பதியின் டிரெய்லர் இருந்தது. நல்ல சம்பளம் வந்த நாளில் ஆசையாக வாங்கியது. இலையுதிர்காலத்தில் செந்திலுக்கு வேலை போயிற்று. அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கியிருந்தார்கள். விசாவுக்கு நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் டிரெய்லரில் பேட்டரி கேபிளை நானே கழற்றி வைத்திருந்தேன். டிசம்பரில் பார்த்தால் மாட்டியிருக்கிறது, பேட்டரி சோர்ந்து கிடக்கிறது. ஏற்றிவிட்டு மறுபடி கழற்றினேன். பொங்கல் சமயம் பார்த்தால் மறுபடி மாட்டியிருக்கிறது. எனக்கு வந்ததே கோபம். செந்திலுக்கு போன் போட்டு, "ஏனுங்க தம்பி, நாங்க என்ன வேலையத்தா கழட்டிக் கழட்டி வெக்கறோம்?" என்று கேட்டேன். அந்தப் பையன் பாவம், "நான் அந்தப் பக்கமே வரலையே ஆன்ட்டி" என்றான். பொய் சொல்கிற குரல் இல்லை அது.

ஒரு மதியம், பனி பூவாய் விழுந்துகொண்டிருந்தது. வரிசைகளில் நடந்துகொண்டிருந்தேன். எல்லா ஜன்னலும் வெள்ளையாக, குருடாக இருந்தது. ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாக இருந்தது. நான் நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அந்த மஞ்சள் வெளிச்சத்தில், பச்சைப் பசேலென்று இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கறிவேப்பிலை. நியூ ஜெர்சிப் பனிக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி! எனக்குத் தூங்கிக்கொண்டே நடக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. அந்த வாசனை எனக்கு அடித்தது என்றே சத்தியம் செய்வேன், கண்ணாடி மூடித்தான் இருந்தது.

கதவைத் தட்டினேன். கோமதி திறந்தாள். கோட்டு, குல்லா, கையுறையோடு செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். தொட்டியைச் சுற்றி ஒரு பழைய கம்பளியைப் பல சுற்றுச் சுற்றி, மேலே கயிறு கட்டியிருந்தாள். செடிக்குப் பின்னால் அலுமினியம் ஃபாயிலை விரித்து, டிரெய்லரின் விளக்கை அதன் பக்கம் திருப்பிவைத்திருந்தாள்.

"என்ன கண்ணு இது?" என்றேன். திட்டத்தான் போனேன், கேள்விதான் வந்தது.

"திட்டாதீங்க அக்கா. பேஸ்மென்ட்ல ஜன்னலே இல்ல. ஒரே இருட்டு. ரெண்டு வாரத்துல இலையெல்லாம் கொட்ட ஆரம்பிச்சிருச்சு. மேல ஹால்ல வெக்கலாம்னா, அவங்க ஏற்கெனவே எங்களை வெச்சிருக்கிறதே பெருசு. இதையும் எப்படிக்கா கேக்கறது?"

"குளிர்ல இது தாங்காதே."

"அதான் லைட் போட்டிருக்கேன். தோசைமாவு புளிக்க ஓவன் லைட்டைப் போட்டு வெப்போமே, அதே மாதிரிதான். சூடு இருக்குதுக்கா, கையை வெச்சுப் பாருங்க."

இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியுமா? குளிர்காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் இந்த வித்தையைச் சொல்வார்கள். நானே அப்படித்தான் மாவு வைக்கிறேன். அமெரிக்கக்காரி ஒருத்திக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"ஓவன் சுவத்துக் கரண்ட்டுல ஓடுதுங் கண்ணு," என்றேன். "சுவத்துக்குப் பின்னால ஊரே இருக்குது. இது வெறும் பொட்டி. ரெண்டு மூணு நாள் எரிஞ்சா தீர்ந்துபோயிரும். தீர்ந்துச்சுன்னா செடியும் போச்சு, பேட்டரியும் போச்சு. தொட்டியத் தூக்கிட்டு வா, என்ற பேட்டரி ரூம்ல வெச்சுக்கறேன். அங்க ஹீட்டர் இருக்குது."

அவள் தலையை ஆட்டினாள். "இல்லக்கா. இங்கதான் இருக்கணும்."

"ஏனாம்?"

ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்துவிட்டுச் சொன்னாள். "எங்களுக்குன்னு இப்ப இருக்கிற வீடு இது ஒண்ணுதான். நான் ஒண்ணு நெனச்சிருக்கேன் அக்கா. இது என் வீட்ல, என் கையால இந்தக் குளிரைத் தாண்டிருச்சுன்னா நான் இங்க இருக்கேன். பட்டுப்போச்சுன்னா ஊருக்குக் கிளம்பிடுறேன். அவர் தனியா இருந்து வேலை தேடட்டும்."

"ஏங்கண்ணு, போய் ஒரு செடிகிட்டயா கேப்பாங்க?"

"வேற யார்கிட்ட கேக்க? அவர்கிட்ட கேட்டா இருன்னு சொல்வார். அம்மாகிட்ட கேட்டா வான்னு சொல்வாங்க. இதுதான் ஒண்ணும் சொல்லாம இருக்குது." அப்புறம் கண் கலங்க, "இந்த ஊர்ல நான் தொட்டு உருப்பட்டது இது ஒண்ணுதான் அக்கா. விரல் அளவு வந்துச்சு. இப்போ பாருங்க."

பார்த்தேன். என்ன சொல்வது? சட்டப்படி அந்த நிமிஷமே கேபிளைக் கழற்றியிருக்கலாம். ஆனால் ஒருத்தி தன் வாழ்க்கையை ஒரு விளக்கில் மாட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த விளக்கை என் கையால் அணைக்க எனக்கு மனசு வரவில்லை. அன்று மறுபடி பேட்டரியை நிரப்பிக் கொடுத்தேன். "சனிக்கிழமைக்குள்ள செடிய எடுத்துப்போடு. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல" என்று சொன்னேன். சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை புயல் வந்தது. இரண்டு நாள் யாரும் யார்டுக்கு வர முடியவில்லை. ரோட்டைத் திறந்ததும் திங்கட்கிழமை காலை நானும் முதலாளியும்தான் முதலில் வந்தோம் என்று நினைத்தோம். கேட்டுக்குள் ஏற்கெனவே ஒரு கார்த் தடம் இருந்தது. முழங்கால் பனியில் நான் ஓடியதைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

கோமதியின் கார் டிரெய்லரின் மூக்கோடு மூக்காய் நின்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பானெட் திறந்திருந்தது. டிரெய்லரின் முன்னால் பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பனியில் எறிந்திருந்தாள். ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் ஏற்றுகிற ஜம்பர் கேபிளின் ஒரு முனையைத் தன் கார் பேட்டரியில் கடிக்கவைத்துவிட்டாள். மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் கண்ணீரும் மூக்குநீருமாய்க் குனிகிறாள். நான் பேட்டரியைப் பார்த்தேன். பக்கங்கள் இரண்டும் உப்பி, தொந்தி போட்டிருந்தது. உள்ளே முழுக்கப் பனிக்கட்டி.

உறைந்த பேட்டரியில் கரண்டை ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிட்டும் பிளாஸ்டிக்கும் முகத்தில் வெடிக்கும். அவள் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"கோமதீ! கையை எடு!"

இந்தக் குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. வரிசை முழுக்கக் கூரைப் பனி பொலபொலவென்று விழுந்தது என்று முதலாளி பிறகு கேலி செய்வார். அவள் அப்படியே நின்றாள். கேபிள் நுனி பேட்டரியைத் தொடாமல் காற்றில் நின்றது. நான் பேச்சுக் கொடுக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. நடந்து போய், கார்ப் பக்கத்து முனைகளைக் கழற்றினேன். பிறகுதான் அவள் கையிலிருந்ததை வாங்கினேன். பின்னால் முதலாளி வந்து கார்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். சட்டென்று அவ்வளவு அமைதி. பிள்ளைகளே, அவசரத்தில் முதலில் வாய், அப்புறம் கம்பி, கடைசியில்தான் மனுஷர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அவள் டிரெய்லர்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். விளக்கு செத்திருந்தது. செடி நின்ற இடத்தில் நின்றது. இலை ஒன்று விடாமல் கறுத்து, ஈரத் துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பதில் வந்துருச்சுக்கா," என்றாள். "அவ்வளவுதான். இன்னிக்கே டிக்கெட் போடச் சொல்லிடுறேன்."

சொல்கிறேன் கேளுங்கள், கேபிளைப் பிடுங்கியது எனக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டம் இப்போதுதான் வந்தது. மறுபடி துளிர்க்கும் கண்ணு, கவலைப்படாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. துளிர்க்குமா? எனக்குத் தெரியாது. துளிர்க்காவிட்டால் அவள் இரண்டாம் முறை சாவாள். சரி போ, ஆண்டவன் சித்தம் என்று சொல்லலாம். அதை நான் நம்பவில்லை. முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மனுஷர் உதவிக்கு வரவேண்டாமா? பனியில் கிடந்த மூடியை எடுத்துத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காத மாதிரி நின்றார். அப்போது அந்தப் பாட்டியம்மாவின் மழைக்கோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பனி சேலையை நனைத்தது. ஆமாம், அன்று சேலைதான், மேலே கோட்டு. கோபமாகத்தான் பேசினேன். எனக்குக் கோபமாகப் பேசத்தான் வரும்.

"இங்க பாரு. நான் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். வெள்ளிக்கிழமை விளக்கு எரிஞ்சுது. சனிக்கிழமை பேட்டரி தீர்ந்துது. விளக்கு நின்னுது. அப்புறம் குளிர் உள்ள வந்துது, இலை கருகுச்சு. இவ்வளவுதான் நடந்தது. ஒரு பல்பு குடிக்கிறத அந்தப் பொட்டி தாங்கல. இது சகுனம் இல்ல கண்ணு, லோடு. அமெரிக்கால நீ இருக்கோணுமா போகோணுமாங்கறது இதுக்குள்ள எங்கயுமே இல்ல. நான் திறந்து காட்டட்டுமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "லோடா?"

"லோடுதான். புயல் வராம இருந்திருந்தா நீ சனிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போயிருப்ப. இது பசேல்னு நின்னிருக்கும். அப்ப நீ இருந்திருப்பியா? அதுவும் வெறும் ரோட்டுனாலதான். போறதுன்னா போ. நல்லா யோசிச்சு, உனக்குப் போகோணும்னு தோணுச்சுன்னா நானே ஏர்போர்ட்டுக்கு டிரைவ் பண்ணி விட்டுட்டு வர்றேன். ஆனா ஒரு பன்னெண்டு வோல்ட் பேட்டரி சொல்லுச்சுன்னு போகாத. எனக்கு மானக்கேடு."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்ததில் புரையேறியது. முதலாளி ஆபீசுக்குப் போய், தேத்தண்ணி என்று அவர் சொல்கிற டீ போட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேரும் குடித்தோம். மறுபடி பனி விழத் தொடங்கியிருந்தது. அது அவள் தொப்பியில், என் மடியில், செத்த பேட்டரிமேல் எல்லாம் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் நீளமாக, ஒரு முழு மதியம்போல ஞாபகம் இருக்கிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துதான் இருக்கும்.

மார்ச் மாதம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் செந்திலுக்கு வேலை கிடைத்துவிட்டது, டிரெய்லரை இழுத்துக்கொண்டே போகிறோம் என்றார்கள். புதுப் பேட்டரி மாட்டிக் கொடுத்தேன். செந்தில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது கோமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டிக்கெட் போட வேண்டாம்னு அன்னிக்குச் சாயங்காலமே அவர்கிட்ட சொல்லிட்டேன் அக்கா. இந்த வேலை அப்போ வரவே இல்ல" என்றாள். தொட்டியைக் காட்டி, "இதைக் குப்பையில போட்டுடுங்க. என்னால முடியல" என்றாள்.

குப்பைத் தொட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். போட முடியவில்லை. கறுத்த தண்டை அடியோடு வெட்டிவிட்டு, கம்பளியைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, அப்படியே பேட்டரி அறை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் சார்ஜரைத் தேடப் போனேன். தொட்டியில், வெட்டின இடத்துக்குப் பக்கத்தில், அரிசி அளவுக்கு ஒரு பச்சை தெரிந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு அங்கேயே பேட்டரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

டெக்சாஸுக்கு போன் போட்டேன். சொன்னதும், "பல்பு காப்பாத்திருச்சா அக்கா?" என்றாள்.

"பல்பு ஒண்ணும் பண்ணல. நீ தொட்டியச் சுத்திக் கம்பளி கட்டியிருந்தீல்ல, அதுதான். வேருக்குக் குளிர் போகல."

"அப்போ, அன்னிக்கு நான் ஊருக்குப் போயிருந்தா?"

"போயிருந்தாலும் மொளச்சிருக்கும் கண்ணு. அதுக்கென்ன தெரியும், நீ இருக்கியா போனியான்னு."

"அப்போ இருக்கலாம்னு முடிவு பண்ணினது நானேதானா அக்கா?"

"நீயேதான்."

சிரித்தாளா அழுதாளா என்று போனில் தெரியவில்லை. அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இங்கே தரையிலேயே புதிதாக ஒன்று வைத்துவிட்டேன், அது உங்களிடமே இருக்கட்டும் என்றாள். போனை வைக்கும்போது, "அதுக்கு ஒரு லைட் போட்டு விடுங்கக்கா" என்றாள்.

போட்டேன். அதுதான் நீங்கள் அணைக்கிற பல்பு. பேட்டரியில் ஓடவில்லை, சுவரில் ஓடுகிறது, எந்த வண்டியும் வற்றாது. ரசத்துக்கு வேண்டுமென்றால் இரண்டு கொத்து கிள்ளிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.